இராமநாதபுரம்: மழை பெய்கிற மண் ஏன் வறட்சி மாவட்டம் ஆனது?

கொள்ளிடக்கரையான்

முதுகுளத்தூர் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு எனக்குப் பணி ஆணை வந்திருக்கிறது. பிறந்து வளர்ந்தது காவிரிப் படுகை. செய்தியைக் கேட்டவர்களில் பாதிப்பேர் வாழ்த்துவதற்குப் பதிலாக ஆறுதல் சொன்னார்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அந்த ஊருக்கா என்று கேட்டார் என் மாமா.

போகுமுன் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று மழைக் கணக்கைப் பார்த்தேன். ஆண்டுச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. பாலைவனத்தில் இவ்வளவு பெய்யாது. பக்கத்துத் தூத்துக்குடியில்கூட இதைவிடக் குறைவு. பிறகு ஏன் இந்த மாவட்டத்துக்கு மட்டும் இந்தப் பட்டம்? இராமேசுவரம் கோயிலையும் பாம்பன் பாலத்தையும் தவிர எனக்கு எதுவும் தெரியாது. நிலம், வரலாறு, மக்கள் என்று எதைப் பற்றி எழுதினாலும் படிக்கக் காத்திருக்கிறேன்.

கண்மாய்க்கரை

தம்பி, முதலில் வாழ்த்துகள். கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மழை குறைவு என்பதைவிட, அது வரும் விதம்தான் இங்கே சிக்கல். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பல ஆண்டுகளில் இரண்டு மூன்று அடைமழையோடு கணக்கு முடிந்துவிடும். நிலமோ தட்டை. மலை கிடையாது, ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெய்த தண்ணீரை மறிக்க ஏதும் இல்லாவிட்டால் அது கிழக்கே சரிந்து கடலுக்குப் போய்விடும். ஆகவே பாண்டியர் காலம் தொட்டு இங்கே ஆண்டவர்கள் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான்: கரை போட்டுத் தண்ணீரை நிறுத்துவது. கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து திருவாடானைப் பக்கம் பாருங்கள். பிறைப்பிறையாக, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்கள் அடுக்கியிருக்கும். அந்த வட்டத்தைத்தான் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள்.

இந்த அடுக்கைப் புரிந்துகொண்டால் மாவட்டமே புரிந்த மாதிரி. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு, அதாவது மிகுநீர் வழியும் வாய், வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால்தான் அதற்குக் கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பி அடுத்ததற்குப் போகும். இப்படியே கடலோரம் வரை. எனவே எந்தக் கண்மாயும் ஓர் ஊரின் தனிச் சொத்து இல்லை. மேலூர்க்காரர் கலுங்கில் பலகையை அடைத்து மண்மூட்டை போட்டு மட்டத்தை ஓரடி உயர்த்திவிட்டால் கீழூர் வயல் காயும், மேலூரில் கண்மாய்க் கரைக்கு உட்புறம் இருக்கும் உள்வாய் நிலம் மூழ்கும். எங்கள் பக்கத்துப் பழைய சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கலுங்கு கிடக்கும்.

பெரிய கண்மாய் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ராஜசிங்கமங்கலம் போங்கள். பாண்டியன் இராஜசிம்மன் பெயரில் நிற்கும் ஊர். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது அந்தக் கண்மாயைப் பற்றிய சொலவடை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாரையாலும் பறக்க முடியாதாம். கொஞ்சம் பெருமையடிப்பு இருக்கலாம், ஆனால் நிறைந்த காலத்தில் கரையில் நின்று பார்த்தால் நம்பத் தோன்றும்.

அடுத்தது வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை கடந்து எங்கள் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது. மிஞ்சிய வெள்ளம்தான் ஆற்றங்கரை, அழகன்குளம் பக்கம் கடலைத் தொடும். 1959-ல் வைகை அணை வந்தது. பழைய ஆயக்கட்டுக்கு, அதாவது முன்பிருந்தே பாசனம் பெறும் நிலத்துக்கு, திறக்கும் தண்ணீரை 12 பங்காக்கினால் 7 பங்கு இராமநாதபுரத்துக்கு, 3 சிவகங்கைக்கு, 2 மதுரைக்கு. தாளில் எங்களுக்குத்தான் பெரும் பங்கு! ஆனால் மணல் அள்ளிக் குழியாகிப் போன ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர், வழியெல்லாம் குடித்தது போக, பார்த்திபனூர் மதகணைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? வாலில் இருப்பவனுக்குச் சட்டம் கொடுத்த பங்கு வேறு, கைக்கு வரும் பங்கு வேறு.

உழவு முறையும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். உங்கள் பக்கம் நாற்றங்கால் விட்டு, பறித்து நடுவீர்கள். இங்கே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தைப் புழுதியாக உழுது நெல்லை நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். முதல் மழையில் முளைக்க வேண்டும், கண்மாய்த் தண்ணீரில் கதிர் வாங்க வேண்டும், தையில் அறுக்க வேண்டும். இடையில் ஏதாவது ஒன்று தவறினால் வைக்கோல்தான். இதைத் தாங்குவதற்கென்றே சித்திரைக்கார், குருவைக்களஞ்சியம், வரப்புக்குடைஞ்சான் என்று நெல் வகைகள் வைத்திருந்தார்கள். நீங்கள் போகும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசலும் உண்டு. அங்கே பருத்தி, மிளகாய். உருண்டையான முண்டு மிளகாய் எங்கள் அடையாளம், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை மட்டும் எந்தக் குறியீட்டுக்கும் கட்டுப்படாமல் ஏறி இறங்குகிறது.

சுவடிப்பெட்டி

கண்மாய்க்கரை ஐயா நிலத்தைச் சொல்லிவிட்டார். ஆண்ட கதையை நான் சொல்கிறேன்.

1605-ஐ ஒட்டி மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர், சடைக்கன் சேதுபதியை இந்தச் சீமைக்கு அதிபதியாக்கினார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களைக் காப்பது முக்கியமான பொறுப்பு. முதலில் தலைநகர் போகலூர். 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதிதான் அதை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். கீழக்கரை வணிகர் சீதக்காதி அவருடைய நண்பர், உமறுப்புலவரை ஆதரித்தவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் சொல்வது அவரைத்தான். அதே கிழவன் சேதுபதி ஆட்சியில்தான் 1693-ல் ஓரியூரில் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். 1947-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார், ஓரியூர் இன்றும் யாத்திரைத் தலம். ஒரே அரசரைப் பற்றி இரண்டு விதமான நினைவு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்கள் இரு பக்கமும் உண்டு.

1730 வாக்கில் சிவகங்கை தனியாகப் பிரிந்தது. 1772-ல் ஆற்காட்டு நவாபும் கும்பினிப் படையும், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும், இராமநாதபுரத்தைப் பிடித்தன. சிறுவயதிலேயே திருச்சியில் சிறைவைக்கப்பட்ட முத்துராமலிங்க சேதுபதி பின்னர் விடுதலையாகி ஆண்டார். 1795-ல் கும்பினி அவரை மீண்டும் பதவி நீக்கிச் சிறைப்படுத்தியது, 1809-ல் சென்னையில் காவலிலேயே இறந்தார். 1799-ல் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் சித்திரங்குடி மயிலப்பன் கிளர்ச்சி செய்து, 1802-ல் தூக்கிலிடப்பட்டார். கொள்ளிடக்கரையான், நீங்கள் பணிக்குப் போகும் வட்டாரம் இது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது பயன்படும்.

1803-ல் மங்களேசுவரி நாச்சியார் காலத்தில் சேதுநாடு நிலையான கப்பம் கட்டும் ஜமீன் ஆனது. அரசு என்பது போய் வரி வசூலிக்கும் பண்ணையாக மாறியது அப்போதுதான். கப்பத்தைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஏலம். கண்மாய்க்குச் செலவழித்தால் அது திரும்பி வர ஆண்டுகளாகும். எதைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் கூத்து ஒன்றும் உண்டு. 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், இராஜபாளையம், காரைக்குடி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருந்தது மதுரையில், அதாவது மாவட்டத்துக்கு வெளியே! 1985-ல் மூன்றாகப் பிரித்தபோது பட்டாசும் அச்சகமும் பஞ்சாலையும் விருதுநகருக்குப் போயின, செட்டிநாடு சிவகங்கைக்குப் போனது. எங்களுக்கு மிஞ்சியவை கண்மாய், கடல், பனை. பின்தங்கிய மாவட்டம் என்று புள்ளிவிவரம் காட்டுபவர்கள் இந்தப் பிரிவினையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நிலக்கணக்கு

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கண்மாய்கள் இவ்வளவு சிறப்பாக இருந்த காலத்திலேயே மக்கள் ஏன் ஊரைவிட்டு ஓடினார்கள்? 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் இந்தச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்துப் பரிசோதித்து அனுப்பிய முகாம்தான் மண்டபம். இன்று ஊரின் பெயரே மண்டபம் கேம்ப். கீழக்கரை வளைகுடா நாடுகளில் வாழ்கிறது. முதுகுளத்தூர் இளைஞர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். நெல்லுக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் யார் சொல்வது?

முன்னோர் கட்டிய கண்மாய் என்று பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கும் மழையில் ஒரு போக நெல்லை நம்பி யாரும் பிழைக்க முடியாது என்கிற உண்மை மறைந்துவிடும். என் பாட்டனார் நிலத்தை விற்றுவிட்டுத்தான் என் தந்தையைப் படிக்கவைத்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தென்கடல்

ஆண்கள் எல்லாரும் நெல்லையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பாம்பன் பக்கத்தவள். எங்கள் மாவட்டத்துக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதில் வாழ்பவர்களுக்கு உங்கள் கலுங்குச் சண்டை தெரியாது.

எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். காற்று மாறினால் இரண்டின் குணமும் மாறிவிடும், அது வேறு கதை. தென்கடலில் தூத்துக்குடி வரை 21 தீவுகள் கணக்கு. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அறிவித்ததன் சுமை யார் தலையில் விழுந்தது தெரியுமா? பாசி எடுக்கும் பெண்கள் தலையில். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பார்கள். பாறை கிழித்த தழும்பு இல்லாத கை கிடையாது. தீவுப் பக்கம் போகக் கூடாது என்று தடை வந்தபோது, எந்த நாட்களில் பாசி எடுப்பது, எந்தப் பருவத்தில் கை வைக்காமல் விடுவது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அதற்காகப் போராடிய ஒரு பெண்ணுக்கு 2015-ல் தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்குகுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மூச்சை அடகு வைத்துப் பிழைப்பவர்கள்தான்.

இன்னொன்று. இது ஒதுக்குப்புறமான ஊர் என்கிறீர்களே, 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து ரயிலேறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்பு. வெளிநாட்டுக்குப் போகும் வாசல் எங்கள் வீட்டு வாசல். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியும் போனது, ஒரு பயணிகள் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். தனுஷ்கோடி வாசல் அன்றோடு மூடியது. சேதுபதி ஜமீன் கணக்கில் இருந்த கச்சத்தீவு 1974-ல் இலங்கைக்குப் போனது. நாங்கள் மூலைக்குத் தள்ளப்பட்டது இப்படி ஒவ்வொன்றாகத்தான். சாலைப் பாலம்கூட 1988-ல்தான் வந்தது.

கொள்ளிடக்கரையான்

தென்கடல் அக்கா, மிக்க நன்றி. இந்த மாவட்டத்துக்குள் இரண்டு வேறு நாடுகள் இருப்பது போலத் தெரிகிறது. நிலக்கணக்கு எழுப்பிய கேள்விக்குக் கண்மாய்க்கரை ஐயாவின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கண்மாய்க்கரை

நிலக்கணக்கு சொன்னதில் பாதி சரி. மழை பொய்த்தால் கண்மாய் இருந்தும் பயனில்லை. ஆனால் மழை பெய்த ஆண்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐப்பசியில் சாலையெல்லாம் வெள்ளம், பள்ளிக்கு விடுமுறை. பங்குனியில் குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டி. ஒரே ஊரில், ஒரே ஆண்டில்! இதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியுமா?

ஜமீன் காலத்தில் மராமத்து அரைகுறைதான். ஆனாலும் குடிமராமத்து என்ற ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால் வெட்ட வேண்டும், கரைக்கு மண் போட வேண்டும். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு கண்மாய்கள் அரசு வசம் போயின. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. இப்போது மேல் கண்மாய் ஒரு துறை, கீழ் கண்மாய் இன்னொரு துறை, இரண்டையும் இணைக்கும் வரத்துக்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில், அதன் நடுவில் நெடுஞ்சாலைத் துறையின் சிறுபாலம். தண்ணீருக்கு எந்தத் துறையும் தெரியாது. அது பள்ளத்தைப் பார்த்துப் போகும்.

2017-ல் குடிமராமத்தை அரசே திட்டமாகக் கொண்டுவந்தது. நல்ல வேலை நடந்த கண்மாய்களும் உண்டு, உள்வாயில் மண் அள்ளியதோடு நின்ற கண்மாய்களும் உண்டு. எங்கள் பக்கம் கண்மாயை ஆழப்படுத்தினார்கள், வரத்துக்காலைத் தொடவில்லை. பாத்திரத்தைப் பெரிதாக்கிவிட்டுக் குழாயை அடைத்துவைத்த கதை.

பனையூரான்

சாயல்குடியிலிருந்து எழுதுகிறேன். வரத்துக்காலைத் தொடவில்லை என்றீர்களே ஐயா, தொட்டால் முள் குத்தும். சீமைக்கருவேலம். விறகுப் பஞ்சத்துக்கு நல்லது என்று பரப்பினார்கள். இன்று மாவட்டத்தில் கண்மாய் உள்வாய், கால்வாய், தரிசு, இடுகாடு எதையும் அது விட்டுவைக்கவில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. வேர் மண்ணுக்குள் இருக்க, அடுத்த மழையில் மறுபடி துளிர்த்தது.

ஆனால் இதையும் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கே அடுப்பு எரிந்தது அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டதால்தான். நெல் கைவிட்டவனை முள் காப்பாற்றியது. ஒழிக்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து முழங்குபவர்கள், ஒழித்த இடத்தில் அவனுக்கு என்ன கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு முழங்கட்டும்.

எங்கள் சொந்த மரம் பனை. சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் கடலோர மணலில் வரிசையாக நிற்கும். பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். ஆண் மரம் ஏறுவார், பெண் அடுப்படியில் மணிக்கணக்கில் வெந்துகொண்டு நிற்பார். ஏறும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். செங்கல் சூளைக்கு மரம் போகிறது. கருப்பட்டியில் சீனி கலக்கும் கதையை நான் சொன்னால் ஊருக்குள் நடமாட முடியாது.

கமுதிப்பாதை

நிர்வாகி அனுமதித்தால் ஒன்று சொல்லலாம். எல்லாரும் மடை, கலுங்கு என்று பேசுகிறீர்கள். மடையைத் திறந்தது யார்? இருட்டில், மார்கழிக் குளிரில், நிறைந்த கண்மாய்க்குள் மூழ்கி அடைப்பை எடுத்தவர் யார்? அடைமழை இரவில் கரையில் படுத்துக் காவல் காத்தவர் யார்? நீர் பாய்ச்சும் கணக்கு முழுவதும் அவர்கள் தலைக்குள் இருந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடை எப்போது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்களுக்கென்று அந்த ஆயக்கட்டில் வயல் இருந்ததா? பெரும்பாலும் களத்தில் அளந்துபோட்ட நெல்தான். ஊருணியில் தண்ணீர் எடுக்கும் படித்துறைகூட எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

குடிமராமத்தும் அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆள் என்று சொல்வீர்கள். மண் சுமந்தவர்கள் யார், கரையில் நின்று பார்த்தவர்கள் யார் என்று அந்தக் கால மனிதர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆட்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்று நிலக்கணக்கு கேட்டாரே, பஞ்சம் மட்டும் காரணம் இல்லை. கொழும்புத் தோட்டத்திலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் வேலை கொடியதுதான். ஆனால் அங்கே போனால் ஊர்ப் பெயரைச் சொல்லி யாரும் சாதி கேட்டு நிறுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

1957-ல் இந்த வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதும் வரலாறுதான். செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தொடர்ந்து முதுகுளத்தூர் பற்றி எரிந்தது. சேதுபதியிலிருந்து நேராகக் கருப்பட்டிக்குத் தாவினால் எப்படி?

நிர்வாகி

கமுதிப்பாதையின் பதிவு இருக்கும். அதற்கு எதிராகச் சாதிப் பெயர்களைச் சொல்லி எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கருத்தை மறுக்கலாம், ஆளை இகழக் கூடாது.

கண்மாய்க்கரை

கமுதிப்பாதை எழுதியது உண்மை. எங்கள் ஊரில் மடைக்குடும்பராக இருந்தவர் ஒருவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கால்வாய் வெள்ளம் வருகிறது என்று சொல்வார். அவர் பேரன் இப்போது வெளிநாட்டில் மின்பணி செய்கிறான். அந்த வீட்டில் இனி யாரும் மடை திறக்கப் போவதில்லை, திறக்கச் சொல்வதற்கும் யாருக்கும் உரிமை இல்லை. அந்த வேலைக்கு ஒழுங்கான சம்பளம் போட்டு, எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கும் பணியாக்கியிருந்தால் அறிவும் தங்கியிருக்கும், அவமானமும் போயிருக்கும். எழுபது ஆண்டுகளில் அதை யாரும் செய்யவில்லை.

கொள்ளிடக்கரையான் தம்பிக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் குருபூசை. இந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும், வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். சொந்த ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டித் திட்டமிடுங்கள்.

கொள்ளிடக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டம் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா? எங்கள் பக்கத்து விவசாயிகள் அந்தத் திட்டத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். உங்கள் பக்கம் என்ன நினைக்கிறீர்கள்?

சுவடிப்பெட்டி

வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கனவு இந்த மாவட்டத்துக்குப் புதிது இல்லை. 1789-லேயே முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. அதே யோசனையை 1895-ல் வெள்ளைக்கார அரசு பெரியாறு அணையாகக் கட்டி முடித்தது. பயன் பெரும்பாலும் மதுரைச் சீமைக்கு. யோசித்தது கடைமடைக்காரன், குடித்தது தலைமடைக்காரன்.

உள்ளூரிலேயே செய்துகாட்டிய முன்மாதிரியும் உண்டு. சேதுபதிகள் வெட்டிய ரெகுநாத காவேரி, கமுதிப் பக்கம் குண்டாற்று வெள்ளத்தைப் பிரித்து முதுகுளத்தூர்க் கண்மாய்களுக்குக் கொண்டுபோகும் கால்வாய். பெயரில் காவேரி, தண்ணீர் எங்கள் குண்டாறு.

நிலக்கணக்கு

இணைப்புத் திட்டம் கரூர் மாயனூரிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். கொண்டுவரப்போவது காவிரியின் உபரி வெள்ளத்தை மட்டுமே. உபரி எந்த ஆண்டு வரும்? பெரும்பாலும் எங்களுக்கும் மழை கொட்டும் ஆண்டுகளில். அன்று அந்தத் தண்ணீரை வாங்கிவைக்க இடம் வேண்டும். அந்த இடம் கண்மாய். இந்த ஒரு விஷயத்தில் கண்மாய்க்கரையும் நானும் ஒரே கட்சி.

ஆனால் நிலத்தையே நம்பச் சொல்லாதீர்கள் என்பதில் மாற்றம் இல்லை. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. வெயிலும் தட்டையான நிலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. கட்டும்வரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை, கட்டியபின் தகடு துடைக்கவும் காவலுக்கும் சிலர். வாலிநோக்கத்தில் உப்பு, பரமக்குடி, எமனேசுவரத்தில் சௌராஷ்டிரர்களின் நெசவு, கடலோரத்தில் பாசி என்று சிறு தொழில்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

தென்கடல்

கண்மாயில் தண்ணீர் நின்றால் நெல்லுக்கு மட்டுமா? சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் தகுதி கிடைத்தது, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கலுக்கு 2025-ல். தண்ணீர் வந்த ஆண்டில் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், வராத ஆண்டில் எட்டிப் பார்க்காது. கொள்ளிடக்கரையான், சித்திரங்குடி உங்கள் முதுகுளத்தூருக்குப் பக்கம்தான். மார்கழியில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மாணவிகளுக்குப் பாசி எடுப்பதைக் காட்ட வேண்டுமென்றால் பாம்பன் வாருங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

பனையூரான்

வாத்தியாருக்கு இன்னொன்று. வாடகை வீடு பார்க்கும்போது அறை எத்தனை என்று கேட்காதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், உப்பில்லாத ஆழ்குழாய் எந்தத் தெருவில், ஊருணி எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பிள்ளைகள் காலையில் தாமதமாக வந்தால் அடிப்பதற்குமுன் வீட்டில் தண்ணீர் வண்டி தள்ளிவிட்டு வருகிறார்களா என்று விசாரியுங்கள்.

கமுதிப்பாதை

இணைப்புக் கால்வாய் பற்றி ஒரே ஒரு கேள்வி, கண்மாய்க்கரை ஐயாவுக்கு. குண்டாறு கடைசி. வைகையில் 12-ல் 7 பங்கு எழுதிக்கொடுத்தும் கிடைக்காத நமக்கு, அந்த 262 கிலோமீட்டரின் வாலில் என்ன கிடைக்கும்?

கண்மாய்க்கரை

திறக்கும் முறையைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப் பழைய வழக்கப்படி, தண்ணீர் குறைவான ஆண்டில் கடைமடைக்கு முதலில் விட்டுவிட்டுத்தான் தலைமடையைத் திறப்பார்கள். வைகையில் எங்கள் பகுதிக்கு முதல் முறை கேட்டு மனு மேல் மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். புதுக் கால்வாய்க்கும் அதையேதான் எழுதிக் கேட்கப் போகிறோம். வரைவு தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போட விரும்புபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். கமுதிப்பாதை, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.